ஐம்பத்திரண்டு பற்களும் ஒரு பாதிக் கச்சாயமும்

பேத்தியின் வாய்க்குள் மொத்தம் எத்தனை பற்கள் இருக்கும் என்று பல் டாக்டரம்மா கேட்டது என் மகளிடம். முந்திக்கொண்டு பதில் சொன்னது நான்.

"ஐம்பத்தொண்ணுங்க."

கணினித் திரையில் முழுவாய் எக்ஸ்ரே விரிந்து கிடந்தது. அதை இடமிருந்து வலமாக ஒரு முறையும் வலமிருந்து இடமாக ஒரு முறையும் எண்ணித்தான் சொன்னேன். டாக்டரம்மா பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஐம்பத்திரண்டு வந்தது. ஒரு கடைவாய்ப் பல்லின் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொண்டிருந்தது.

"ஒரு சீட்டுக்கட்டுங்க அப்புச்சி. ஜோக்கர் மட்டும் வெளியில உக்காந்திருக்குது" என்றாள் பத்து வயதுப் பேத்தி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

டாக்டரம்மா சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. நான் மறுபடி எண்ண ஆரம்பித்தேன். பம்ப்செட் கம்பெனி ஒன்றில் முப்பத்தேழு வருடம் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். நட்டு, போல்ட்டு, வாஷர், பேரிங் என்று ஆயிரக்கணக்கில் எண்ணியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் படிக்கட்டுகளையும் மின்விசிறிகளையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். பெருந்துறையில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். அந்த வீட்டு ஜன்னல்களில் மொத்தம் அறுபத்தெட்டுக் கம்பிகள்.

அந்த ஐம்பத்திரண்டின் கதை இதுதான். மற்ற பிள்ளைகளுக்கு ஆறேழு வயதில் பால் பல் விழும். புதுப் பல் வரும். இவளுக்குப் பத்து வயதாகியும் மூன்றுதான் விழுந்திருந்தன. பதினேழு பால் பற்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. வர வேண்டிய பற்களில் ஆறு மட்டும் எப்படியோ வெளியே வந்துவிட்டன. மீதி இருபத்திரண்டும் தாடை எலும்புக்குள் கிடந்தன. போதாததற்கு, யாரும் கேட்காத உபரிப் பற்கள் ஏழு குறுக்கே படுத்து வழியை மறித்திருந்தன. ஸ்டோர்ஸில் இப்படி நடந்திருந்தால் நான் மெமோ கொடுத்திருப்பேன்.

எங்கள் ஊர்ப் பல் டாக்டர் இரண்டு வருடம் பார்த்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கேதான் இந்த டாக்டரம்மா. குழந்தைப் பல் மருத்துவர் வாயைப் பார்ப்பார் என்றுதானே நினைப்போம்? அவர் முதலில் தோளைப் பார்த்தார்.

"கண்ணு, ரெண்டு தோளையும் முன்னாடி கொண்டுவந்து ஒட்ட வை பார்க்கலாம்."

பேத்தி சற்றும் தயங்காமல் செய்தாள். இரண்டு தோளும் தாடைக்குக் கீழே வந்து ஏறக்குறைய முட்டிக்கொண்டன, புத்தகத்தை மூடுகிற மாதிரி. பள்ளிக்கூடத்தில் அவள் காட்டுகிற வித்தை அது. டாக்டரம்மா என் மகளைச் செய்யச் சொன்னார். பாதிதான் வந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்க?"

எழுபத்து மூன்று வயதில், மூன்று மாணவ டாக்டர்கள் சுற்றி நிற்க, சட்டையைக் கழற்றிவிட்டு நானும் செய்தேன். என்னுடையதும் வந்தது. எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கம்பெனியில் இரும்பு அலமாரிகளுக்கு நடுவே வேறு எவனும் நுழைய முடியாத சந்தில் நான் நுழைந்து வருவேன். மெலிந்த உடம்பு, அதனால் முடிகிறது என்று பெருமையாகவே இருந்தேன். மார்பு எக்ஸ்ரே வந்ததும் அந்தப் பெருமை போயிற்று. எனக்கு இடது பக்கம், கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகிற காறை எலும்பு இல்லை. வலது பக்கம் அரை இருக்கிறது. மனிதனுக்கு இருநூற்று ஆறு எலும்புகள் என்று ஏழாம் வகுப்பில் மனப்பாடம் செய்தவன் நான். எல்லாவற்றையும் எண்ணினேன், இருப்பில் ஒன்றரை குறைவதை எழுபத்து மூன்று வருடமாகக் கவனிக்கவில்லை.

அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. கிளைடோகிரேனியல் டிஸ்பிளேசியா. பதினான்கு எழுத்து. அரிதான எலும்புக் குறை, வம்சத்தில் இறங்கிவரும். காறை எலும்பு வளராது, மண்டை உச்சி மூடத் தாமதமாகும், பல் முளைப்பதில் குழப்பம் வரும். எனக்கும் இருபத்தாறு வயதுவரை முன்பக்கத்தில் பால் பல்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன் ஒரு டாக்டர் அவற்றைப் பிடுங்கிப்போட்டுப் பிளேட்டு வைத்தார். நாற்பதில் முழு செட்டு. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அப்ப இது என்னால வந்ததுங்களா?" என்று கேட்டேன்.

"உங்களால இல்லீங்க ஐயா. உங்க வழியா" என்றார் டாக்டரம்மா. நல்ல மனசு. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அன்று முழுக்க யோசித்தேன். அதிகம் இல்லை.

பேத்திக்கு இந்தப் பெயரெல்லாம் பெரிதாகப் படவில்லை. அவளுக்கு வேண்டியது மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு. வகுப்பில் எல்லோருக்கும் பெரிய முன்பற்கள் வந்துவிட்டன. இவளுக்கு மட்டும் அரிசி மாதிரி தேய்ந்த பால் பற்கள். அதனால் சிரிக்கும்போதெல்லாம் கை வாய்க்குப் போய்விடும். டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். மயக்க மருந்து கொடுத்து, முன்பக்கப் பால் பற்களையும் குறுக்கே கிடக்கிற உபரிப் பற்களையும் எடுப்பது. உள்ளே இருக்கிற இரண்டு முன்பற்களையும் எலும்பிலிருந்து திறந்து, ஒவ்வொன்றிலும் மெல்லிய சங்கிலியை ஒட்டி, கம்பி போட்டு மாதக்கணக்கில் மெதுவாகக் கீழே இழுப்பது. தாடை அறுவை டாக்டர், கம்பி போடுகிற டாக்டர், மயக்க மருந்து டாக்டர் எல்லோரும் சேர்ந்து செய்கிற வேலை. டாக்டரம்மாவையும் சேர்த்து நால்வரும் ஒன்றுகூடுவது மாதத்தில் ஒரே நாள், அதுவும் மதியம் ஒரு மணி வரை. எங்களுக்கு மூன்று மாதம் தள்ளித்தான் தேதி கிடைத்தது.

பேத்தி வகுப்பில் அறிவித்துவிட்டாள். "எனக்குச் சங்கிலி போட்டுப் பல்லை இழுக்கப் போறாங்க." தேர் இழுக்கிற விஷயம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றார்கள். பெருந்துறையிலிருந்து அந்த நேரத்துக்குப் போவது சிரமம். மாப்பிள்ளைக்குச் சிப்காட்டில் ஷிப்ட், லீவு கிடைக்கவில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் என் தங்கை இருக்கிறாள். மகன் பெங்களூரில் வேலைக்குப் போன பிறகு தனியாக இருக்கிறாள். முதல் நாள் சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய்விட்டோம், நான், மகள், பேத்தி மூவரும்.

இரவு பத்து மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது, காலை ஆறு மணிவரை வெறும் தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதை என் கையெழுத்தில் மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று மகளிடம், ஒன்று என் சட்டைப் பையில், மூன்றாவது தங்கை வீட்டுப் பிரிட்ஜ் கதவில்.

தங்கை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை முழுக்க வாசித்தாள். "சரிங்ணா" என்றாள்.

"மேல்பல்லைப் புடுங்கினா கண்ணு மங்கிப் போயிருமுங்களே?" என்று ஒரு கேள்வி கேட்டாள். இல்லை என்றேன். "உங்களுக்குப் புடுங்கினாங்க, உங்களுக்குக் கண்ணாடி வந்துருச்சே" என்றாள். அவளுக்கும் கண்ணாடி இருக்கிறது, பற்களும் முழுசாக இருக்கின்றன என்பதைச் சொன்னேன். "அது வேறயிங்ணா" என்று அடுப்படிக்குப் போனாள்.

அன்று அவள் கச்சாயம் சுட்டிருந்தாள். வெல்லம் போட்டு மாவைக் கரைத்து எண்ணெயில் பொரிப்பது. எங்கள் பக்கத்தில் விருந்தாளி வந்தால் இது இல்லாமல் முடியாது. டப்பாவில் இருபத்திரண்டு. சாயங்காலம் நான் இரண்டு, மகள் இரண்டு, பேத்தி இரண்டு, தங்கை ஒன்று. மீதி பதினைந்து. இதை நான் வேலை மெனக்கெட்டு எண்ணவில்லை. கண் தானாகச் செய்கிறது.

காலையில் கிளம்பும்போது தங்கை அந்த டப்பாவை என் கையில் கொடுத்தாள். "புள்ளை கண்ணு முழிச்ச பொறவு, டாக்டர் சரின்னு சொன்னா, பால்ல ஊறவெச்சுக் குடுங்க."

ஆஸ்பத்திரியில் எட்டு மணிக்குப் பேத்தியை உள்ளே அழைத்துப் போனார்கள். பச்சைக் கவுன், தலையில் பச்சைத் தொப்பி. போகும்போது என்னைப் பார்த்து, "நீங்க பயப்படாதீங்க அப்புச்சி" என்றாள். அதற்குப் பிறகு நான் வராந்தாவில் எண்ணக்கூடியதை எல்லாம் எண்ணினேன். நாற்காலி இருபத்தெட்டு, விசிறி ஆறு, ஓடாத விசிறி ஒன்று. வேறு எதுவும் கிடைக்கவில்லை. டப்பாவைத் திறந்தேன்.

பதினாலரை.

மூடிவிட்டு மறுபடி திறந்தேன். பதினான்கு முழுசு, ஒரு பாதி.

"அம்மணி, நீ காலையில கச்சாயம் தின்னியா?" என்று மகளிடம் கேட்டேன்.

"புள்ளை பட்டினியா இருக்கறப்ப நான் எப்படீங்கப்பா திம்பேன்?"

"நானும் திங்கலை. காலையில எனக்குப் பல் செட்டே டம்ளர்லதான் கெடந்துச்சு."

"அதுக்கென்னங்கப்பா இப்போ?"

டப்பாவைக் காட்டினேன். அவள் முகத்தில் நிறம் மாறியது. ஆனால் உடனே தலையை ஆட்டினாள். "எடுத்து வெக்கறப்ப ஒடைஞ்சிருக்கும்."

"ஒடைஞ்சா ரெண்டு பாதி இருக்கோணுமல்ல? இன்னொரு பாதி எங்கே?"

"நீங்க நேத்துத் தப்பா எண்ணியிருப்பீங்க. ஐம்பத்திரண்டு பல்லை ஐம்பத்தொண்ணுன்னு சொன்னவருதானே?" டப்பாவை வாங்கி மூடினாள். "மூணு மாசங்கப்பா. இன்னைக்கு விட்டா மறுபடி எப்பக் கெடைக்குமோ. அவ எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கறா."

அவள் சொன்னது எனக்குத் தெரியாதா? நான் தப்பாக எண்ணியிருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். வாழ்நாளில் முதல்முறையாக என் எண்ணிக்கை தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அரைக் கச்சாயம் என்ன செய்துவிடும் என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். நர்ஸம்மாவிடம், "பேத்திகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கோணுமுங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

பேத்தி உயரமான கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் நின்று அவள் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தார்.

"கண்ணு, டப்பாவுல பாதிக் கச்சாயம் குறையுது."

அவள் கால் நின்றது. டாக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆத்தா குடுத்தாங்க" என்றாள். என் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவாள். "வேண்டாம்னுதான் அப்புச்சி நெனச்சேன். ஆனா நீங்கதானுங்க சொல்லியிருக்கறீங்க, யாரு ஊட்டுக்குப் போனாலும் குடுத்ததை வேண்டாம்னு சொல்லக்கூடாது, ஒரு வாயாச்சும் வாங்கிக்கோணும்னு. அதான் பாதி மட்டும் தின்னேன். பாதியெல்லாம் கணக்குல வராதுன்னு ஆத்தா சொன்னாங்க."

"எத்தனை மணிக்கு?"

"நீங்க குளிக்கறப்ப."

ஐந்தே கால். எண்ணெய்ப் பலகாரம்.

டாக்டர் அவள் கையை மெதுவாகக் கீழே விட்டார். கோபப்படவில்லை. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து என்றார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மேல்தாடையும் அண்ணமும் இருக்கிற அமைப்பில் மூச்சுக்குழாய் போடுவதே கவனமாகச் செய்ய வேண்டிய காரியம். கூடுதல் ஆபத்து வேண்டாம் என்றார். எட்டு மணி நேரம் கழியாமல் தொட முடியாது. ஐந்தே காலோடு எட்டைக் கூட்டினால் ஒன்றே கால். அவர்களோ ஒரு மணிக்குக் கிளம்புகிறவர்கள். நாங்கள் ஆரம்பிக்கிற நேரத்துக்கு முன்பே அவர்கள் நாள் முடிந்துவிடும்.

"இதைக் கவனிச்சு வந்து சொன்னதுக்கு நன்றிங்க ஐயா" என்றார். நன்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பேத்தி தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள். அழவில்லை. வாயையும் பொத்தவில்லை, பொத்துவதற்குச் சிரிப்பு இல்லை.

அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்து.

அதில் பதினோரு நாள் அவள் என்னோடு பேசவில்லை. அவசியமானதை மட்டும் மகள் மூலம் சொல்லி அனுப்புவாள். "அம்மா, அப்புச்சி கண்ணாடி சோபா அடியில கெடக்குதுன்னு சொல்லு." நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்துதான் அதைத் தேடிக்கொண்டிருப்பேன். ஆத்தாவோடு மட்டும் தினமும் போனில் பேசினாள். கச்சாயம் கொடுத்தவள் மேல் கோபம் இல்லை, எண்ணியவன் மேல்தான்.

தங்கையிடம் நானும் போனில் சண்டை போட்டேன்.

"பேப்பர்ல எழுதி ஒட்டியிருந்தேனே அம்மணி?"

"வாசிச்சேனுங்ணா. அதுக்காக ஒரு சின்னப் புள்ளையை வெறும் வயித்தோட என்ற ஊட்டு வாசப்படியைத் தாண்டி அனுப்பச் சொல்றீங்களா? பெரிய காரியத்துக்குப் போற புள்ளை."

அவளை என்ன சொல்வது? எங்கள் ஜனத்தில் பரம எதிரி வந்தாலும் வாயில் ஏதாவது வைக்காமல் அனுப்பமாட்டார்கள். வாங்குகிறவரும் மறுக்கமாட்டார். இந்த மரியாதையைப் பேத்திக்கு மூன்று வயதிலிருந்து சொல்லிக் கொடுத்தது நான். எலும்புக் குறையும் என் வழியாக வந்தது. அதைச் சரிசெய்யப் போன இடத்தில் மறித்த மரியாதையும் என் வழியாகத்தான் வந்தது. இதைச் சாப்பாட்டு மேஜையில் பொதுவாகச் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் அது. பேத்தி தட்டைப் பார்த்தபடியே, "சரி விடுங்க அப்புச்சி, கணக்குப் பாக்காதீங்க" என்றாள். மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் முறைக்கு மகள் ஒரு முடிவெடுத்தாள். காந்திபுரத்தில் லாட்ஜ். தங்கை வீடு பக்கத்தில் இருக்கும்போது லாட்ஜில் அறை போடுவதற்குப் பதிலாக அவளைக் கன்னத்தில் அறைந்துவிடலாம். எங்கள் பக்கத்தில் இரண்டாவதை மறந்துவிடுவார்கள். அதனால் அவளிடம், விடியற்காலையில் பெருந்துறையிலிருந்து நேராக வருகிறோம் என்று சொல்லிவைத்தோம். சாயங்காலம் லாட்ஜில் பெட்டியை வைக்கிறோம், மகளின் போன் அடிக்கிறது, பேத்தி எடுத்துவிட்டாள்.

"லாட்ஜுல இருக்கறமுங்க ஆத்தா. டி.வி. பெருசா இருக்குது."

அந்தப் பக்கம் தங்கை டக்கென்று போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் ஏழு மணிக்கு நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தங்கை எங்களுக்கு முன்பே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்து அதையும் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கோங்ணா. ஒரு ஏலக்காய்கூட இல்லை."

"அம்மணி, அது வந்து..."

"பேசாதீங்க. நான் புள்ளையைப் பாக்க வந்தேன்."

பேத்தி ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தங்கை அவள் தலையைத் தடவிவிட்டு, "போயிட்டு வா சாமி" என்றாள். வேறு எதுவும் கொடுக்க இல்லாமல் அவள் கை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதைப் பார்த்தேன். முதல்நாள் இரவிலிருந்து அவளும் தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அறுவை இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் நடந்தது. தங்கை என்னிடமிருந்து நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். முதல் ஒரு மணி நேரம் முடிந்ததும் மூன்றாக்கினாள். பிறகு பக்கத்து நாற்காலிக்கே வந்து, "ஏனுங்ணா, ஒண்ணும் ஆகாதுங்களே?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். அதைக் கேட்டு அவளுக்கு எப்படியோ தைரியம் வந்துவிட்டது.

டாக்டரம்மா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஆறு பால் பற்கள், மூன்று உபரிப் பற்கள் எடுத்தாயிற்று. இரண்டு முன்பற்களுக்கும் சங்கிலி ஒட்டியாயிற்று. இடது பல் நேராக நிற்கிறது, வந்துவிடும். வலது பல் சாய்ந்து கிடக்கிறது. அது என்ன செய்யும் என்று இப்போது சொல்ல முடியாது. மற்ற பற்களுக்கு இன்னும் இரண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும். பேத்தி வீங்கிய உதட்டோடு கண்ணைத் திறந்து முதலில் தேடியது ஆத்தாவை.

அதன் பிறகு மாதம் ஒரு முறை கம்பியை முறுக்கிக்கொண்டு வருகிறோம். மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் நல்லது என்று கம்பி டாக்டர் சொன்னார். நான் டார்ச்சும் ஸ்டீல் ஸ்கேலும் வாங்கினேன். ஒரு வாரத்தில் இரண்டையும் பேத்தி பறிமுதல் செய்துவிட்டாள். ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஜன்னல் வெளிச்சத்தில், பத்து எண்ணுகிறவரைதான் பார்க்கலாம் என்று சட்டம் போட்டாள். நான் காலையில், அவள் பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில் பார்த்துக்கொள்வேன்.

ஏழாம் மாதம் ஒரு நாள். காலையில் பார்த்தேன், ஈறு, கம்பி, சங்கிலி, வழக்கம்போல. சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல் அம்மாவின் போனை எடுத்து வீடியோவில் பெரியநாயக்கன்பாளையத்தைக் கூப்பிட்டாள்.

"ஆத்தா, இடது பக்கம் வந்துருச்சுங்க! வெள்ளையாத் தெரியுதுங்களா? டீச்சர்தான் பாத்தாங்க!"

போனுக்குள்ளிருந்து தங்கை ஏதோ சொன்னாள். பேத்தி பெரிதாகச் சிரித்தாள். இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தாள்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். "கண்ணு, எனக்குக் காட்டு."

"காலையிலயே பாத்துட்டீங்களே அப்புச்சி" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "நாளைக்குங்க."